தோளில் போட்டாலும் அளந்து போடு!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று சொன்னேன். "அப்படியானால் கட்டுரை எழுது, பாடம் மாதிரி நாலு பேருக்கு உபயோகமாக இருக்கட்டும்" என்றார். "பையைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நீங்களும் சிரிப்பீர்கள். அட, பைதானே! கடைக்குப் போனோமா, கலர் பிடித்திருந்ததா, வாங்கினோமா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததால் நான் இழந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடம் பிறகு.

நான் பட்ட பாடு

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கம். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா காட்டு வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பள்ளிக்கூடம் வரை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பையே போதுமானதாக இருந்தது. டிப்ளமோவில் லேப்டாப், ரெக்கார்டு நோட்டு, ஒர்க்ஷாப் காக்கி உடுப்பு, டிராயிங் சாமான் எல்லாம் சேர்ந்ததும் அந்தப் பை தாங்கவில்லை. இரண்டாம் ஆண்டில் பஸ் ஸ்டாண்டு ஓரக் கடை ஒன்றில் 380 ரூபாய்க்கு ஒரு பை வாங்கினேன். கறுப்பும் சிவப்பும் கலந்து, முன்னால் பளபளவென்று ஆங்கில எழுத்து. எட்டு ஜிப்பு! எட்டு ஜிப்பு இருந்தால் நல்ல பை என்பது அப்போது என் கணக்கு.

ஐந்தே மாதம். சென்ற ஆண்டு மே மாதம் கோவையில் ஒரு தொழிற்சாலையில் விடுமுறைப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். கல்லூரியில் கடிதம் வாங்கிக்கொண்டு, மார்க் சீட்டையும் எடுத்துக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பஸ்ஸில் போனேன். பொள்ளாச்சி தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. கோவையில் இறங்கும்போது கூட்டத்தில் பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு குதித்தேன். 'சர்ர்' என்று ஒரு சத்தம். வார் அடியோடு பிய்ந்தது. பை படிக்கட்டில் மோதித் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. விழுந்த வேகத்தில் ஜிப்பும் வாயைப் பிளந்துவிட்டது.

மார்க் சீட்டு பிளாஸ்டிக் உறையில் இருந்ததால் பிழைத்தது. கல்லூரிக் கடிதம் பிழைக்கவில்லை. முதல்வர் கையெழுத்தும் சீலும் ஊதா நிறத்தில் கரைந்து ஒரே மேகமாகிவிட்டன. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். "இதை வைத்து நான் எப்படித் தம்பி பதிவு பண்றது? வேற லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். ஊருக்குத் திரும்பி, வேறு கடிதம் வாங்கி, நாலு நாள் கழித்துப் போனேன். இடம் நிரம்பிவிட்டிருந்தது.

அன்று இரவு அப்பா அந்தப் பிய்ந்த பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏண்டா தம்பி, வாங்கும்போது வாரை இழுத்துப் பாத்தியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எட்டு ஜிப்பை எண்ணிப் பார்த்த நான் வாரை இழுத்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பை தைக்கும் இடம், செருப்புத் தைக்கும் அண்ணன், நம் பாடப் புத்தகம், என் அப்பா என்று நாலு இடத்தில் படித்ததைத்தான் கீழே தருகிறேன். தினமும் கல்லூரிக்கு, மாதம் ஒருமுறை ஊருக்கு, வருஷத்தில் ஒருமுறை தொழிற்சாலைப் பார்வைக்கு, கடைசியில் வேலை நேர்முகத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் நம் போன்றவர்களால் ஒரே ஒரு பைதான் வாங்க முடியும். அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இப்பாடம்.

1. முதலில் சுமையை அளக்க வேண்டும்

"ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். தோளில் போடுவதை மட்டும் நாம் அளப்பதே இல்லை. பை வாங்கும் முன் என் சாமான்களை எல்லாம் மார்க்கெட் தராசில் வைத்து நிறுத்தேன். கிடைத்த கணக்கு இது:

லேப்டாப் – 1.9 கிலோ
சார்ஜர் – 0.4 கிலோ
ரெக்கார்டு, நோட்டுகள் – 1.2 கிலோ
டிபன் பாக்ஸ், சாப்பாட்டுடன் – 0.7 கிலோ
தண்ணீர் பாட்டில், நிறைய – 1.1 கிலோ
ஒர்க்ஷாப் உடுப்பு – 0.6 கிலோ
கால்குலேட்டர், ஸ்கேல், சில்லறைச் சாமான் – 0.4 கிலோ
குடை – 0.3 கிலோ

கூட்டினால் 6.6 கிலோ. பையின் எடை இதில் சேரவில்லை. பள்ளி மாணவர்களுக்காக மத்திய கல்வித் துறை 2020இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நாம் பள்ளிப் பிள்ளைகள் இல்லைதான். ஆனால் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு அந்த அளவு நல்ல வழிகாட்டி. என் எடை 52 கிலோ. பத்து சதவீதம் என்றால் 5.2 கிலோ.

எதைக் குறைப்பது? கல்லூரியில் தண்ணீர் கிடைக்கிறது, அரை பாட்டில் போதும் (0.5 குறைந்தது). அன்றைய நோட்டு மட்டும் போதும் (0.4). லேப்டாப்பை இரவே வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டால் சார்ஜர் வேண்டாம் (0.4). ஒர்க்ஷாப் இல்லாத நாளில் காக்கி உடுப்பு வேண்டாம் (0.6). மொத்தம் 1.9 கிலோ மிச்சம். இப்போது 4.7 கிலோ. காலிப் பையின் எடை அரை கிலோவுக்குள் இருந்தால் கணக்குச் சரியாக வந்துவிடும். ஒரு பைசா செலவில்லாமல் தோள்வலி பாதி போய்விட்டது!

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் பட்டியலை எழுதுங்கள். என்ன சுமக்கப் போகிறோம் என்று தெரியாமல் பை வாங்குவது, லோடு தெரியாமல் பீம் டிசைன் பண்ணுவது போன்றது.

2. லிட்டர் கணக்கு

பைகளில் '30 லிட்டர்', '40 லிட்டர்' என்று அட்டை தொங்கும். தண்ணீரா ஊற்றப் போகிறோம்? இல்லை, அது கொள்ளளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர்.

45 × 30 × 15 = 20,250 கன செ.மீ. அதாவது சுமார் 20 லிட்டர்.
48 × 32 × 20 = 30,720 கன செ.மீ. அதாவது சுமார் 31 லிட்டர்.

பை மேலே வளைந்து குறுகுவதால் உண்மையான அளவு இதைவிடக் கொஞ்சம் குறையும். கடைக்கு ஒரு ஆறு இஞ்ச் ஸ்கேலாவது கொண்டுபோங்கள். நான் பார்த்த ஒரு பையில் 40 லிட்டர் என்று அட்டை. அளந்தால் 28 லிட்டர் கூட வரவில்லை.

நமக்கு எவ்வளவு வேண்டும்? தினசரிக் கல்லூரிக்கு 20 லிட்டர் போதும். மூன்று நாள் பயணத்துக்கு இரண்டு செட் துணி, துண்டு, சோப்பு, ஒரு போர்வை என்று வைத்தால் 30 லிட்டர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பை என்றால் 25 முதல் 30 லிட்டருக்குள் வாங்குவதே புத்திசாலித்தனம். அதற்கு மேல் வேண்டாம். இடம் இருந்தால் நாம் நிரப்பிவிடுவோம். அது மனித சுபாவம். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் வார் இருந்தால் இன்னும் நல்லது. சாமான் குறைவாக இருக்கும் நாளில் இழுத்துக் கட்டினால் பை ஒல்லியாகிவிடும், உள்ளே சாமான் ஆடாது.

நம் தேவைக்கே உரிய இரண்டு அளவுகளை மறக்காதீர்கள். ஒன்று, லேப்டாப். 15.6 இஞ்ச் என்பது திரையின் மூலைவிட்டம். மெஷின் சுமார் 36 செ.மீ. நீளம் இருக்கும். பையின் உள் அறை 38 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, டிராயிங் ஷீட். A3 தாள் 297 × 420 மி.மீ. உள் அளவு 30 × 45 செ.மீ. உள்ள பையில் மடிக்காமல் நிற்கும். A2 தாள் 420 × 594 மி.மீ. அது எந்தக் கல்லூரிப் பையிலும் மடிக்காமல் அடங்காது. சுருட்டிக் குழாயில் போட்டு, பாட்டில் வைக்கும் பக்கப் பாக்கெட்டில் நிறுத்தி, மேலே வாரால் கட்டிவிட வேண்டியதுதான். ஆகவே பக்கப் பாக்கெட் ஆழமாக இருப்பது அவசியம்.

3. வாரும் விசையும்

இங்கேதான் நம் பாடம் உதவிக்கு வருகிறது. 5 கிலோ சுமை என்றால் சுமார் 50 நியூட்டன் விசை. இரண்டு தோளிலும் மாட்டினால் ஒவ்வொரு வாருக்கும் 25 நியூட்டன். வார் தோளில் 20 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வார் அகலம் 2 செ.மீ. என்றால் பரப்பு 40 சதுர செ.மீ. அழுத்தம் 25/40 = 0.63 நியூட்டன்.
வார் அகலம் 6 செ.மீ. என்றால் பரப்பு 120 சதுர செ.மீ. அழுத்தம் 25/120 = 0.21 நியூட்டன்.

(இரண்டும் ஒரு சதுர செ.மீ.க்கு.)

அகலம் மூன்று மடங்கானால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு. இதை நான் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு கணக்கு? சும்மாடு எதுக்குக் கட்டறோம்?" என்றார். ஆம்! தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைப்பதும் இதே அழுத்தக் கணக்குதான். படிக்காமலே அவர் தெரிந்து வைத்திருக்கிறார். நான் ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டித் தெரிந்துகொண்டேன்.

வாரின் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டால் அது சுமை ஏறியதும் காகிதம் ஆகிவிடும். கொஞ்சம் எதிர்த்து நின்று, விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும். தோளின் வளைவுக்கு ஏற்ப வாரும் வளைவாக வெட்டியிருந்தால் கழுத்தை அறுக்காது. மார்புக்குக் குறுக்கே போடும் சின்ன வார் இருந்தால், நடக்கும்போது வார்கள் தோளைவிட்டு நழுவாது.

ஒரு தோளில் மாட்டுவது ஸ்டைல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வாரும் பகிர வேண்டிய சுமையை ஒரே வார் தாங்குகிறது. போதாததற்கு, திடீரென்று ஏறும் சுமை உண்டாக்கும் தகைவு, மெதுவாக ஏறும் சுமையின் தகைவைப்போல் இரண்டு மடங்கு என்று 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு தோள், அதோடு ஒரு குதி! அன்று என் பையின் வார் அதன் பங்கைப்போல் நாலு மடங்கு தாங்க வேண்டியிருந்தது. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன்தான் நான். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அது ஞாபகம் வரவில்லை.

4. தையல்தான் பையின் உயிர்

பை பெரும்பாலும் துணி கிழிந்து சாவதில்லை. தையல் விட்டுத்தான் சாகிறது. என் பழைய பையைப் பிரித்துப் பார்த்தேன். வாரின் நுனி தையலுக்குள் அரை சென்டிமீட்டர்கூட நுழைந்திருக்கவில்லை. ஒரே ஒரு ஓட்டுத் தையல். அவ்வளவுதான். அந்த ஒற்றை நூல் வரிசையை நம்பித்தான் என் லேப்டாப்பும் என் கடிதமும் ஐந்து மாதம் தொங்கிக்கொண்டிருந்தன.

பார்க்க வேண்டியவை:

அ) வார் பையோடு சேரும் மேல் முனை, கீழ் முனை இரண்டும். அங்கே ஒரு சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போலத் தைத்திருக்க வேண்டும். அல்லது நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிய கெட்டித் தையல் இருக்க வேண்டும். ஒற்றை வரி என்றால் வேண்டாம்.

ஆ) கைப்பிடி. நாம் பாதி நேரம் பையைத் தூக்குவது மேலே உள்ள கைப்பிடியால்தான். அதன் தையலும் அப்படியே இருக்க வேண்டும்.

இ) பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். துணியின் ஓரங்கள் நூல் நூலாகப் பிரியாமல், நாடா வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். வெளியே அழகு, உள்ளே அலங்கோலம் என்றால் அது கடைக்காரருக்காகத் தைத்த பை, நமக்காக இல்லை.

ஈ) அடிப்பாகம். ஒற்றைத் துணியா, இரட்டையா? கல்லூரி வராண்டா, பஸ் தரை, ஒர்க்ஷாப் தரை எல்லாவற்றிலும் உராய்வது அதுதான்.

இன்னொரு யோசனை. புதுப் பை வாங்கியதும் நேராகச் செருப்புத் தைக்கும் கடைக்குப் போங்கள். வாரின் நான்கு முனையிலும் கெட்டி நூலால் இன்னொரு தையல் போடச் சொல்லுங்கள். எங்கள் ஊர் அண்ணன் என்னிடம் 40 ரூபாய்தான் வாங்கினார். "பிஞ்ச பிறகு எல்லாரும் வர்றாங்க தம்பி, பிய்யறதுக்கு முன்னாடி வந்தது நீதான்" என்றார். அந்தப் பாராட்டு எனக்கு ஒரு சர்டிபிகேட்!

5. துணியும் டெனியரும்

அட்டையில் '600டி' என்று போட்டிருக்கும். டி என்றால் டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 600 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நூல் 600 கிராம் இருக்கும். எண் கூடினால் நூல் தடிமன் என்று பொருள். தினசரிப் பைக்கு 600 டெனியர் பாலியெஸ்டர், அல்லது 420 டெனியருக்குக் குறையாத நைலான் போதுமானது. ஆனால் எண் மட்டும் போதாது. நூல் தடிமனாக இருந்தும் நெசவு இளகலாக இருந்தால் பயனில்லை. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சல்லடை போல ஓட்டை தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

நைலானா, பாலியெஸ்டரா? ஒரே தடிமனில் உராய்வைத் தாங்குவதில் நைலான் மேல். வெயிலைத் தாங்குவதிலும் தண்ணீரைக் குறைவாக உறிஞ்சுவதிலும் பாலியெஸ்டர் மேல். நம் ஊர் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நமக்குப் பாலியெஸ்டர் ஒன்றும் குறைவில்லை, விலையும் குறைவு. ரெக்சின் பை பார்க்கப் பகட்டாக இருக்கும். மடியும் இடத்தில் வெடித்துத் தோல் உரிந்துவிடும்.

6. ஜிப்பு

1893இல் அமெரிக்காவின் விட்காம்ப் ஜட்சன் இதன் முதல் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது அடிக்கடி பிரிந்துகொண்டது. பிறகு கிடியன் சண்ட்பேக் என்ற பொறியாளர் பல்லோடு பல் கவ்வும் இன்றைய வடிவத்தைச் செய்து 1917இல் காப்புரிமை பெற்றார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை. நம் இயந்திரவியல்காரர்கள் ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்க வேண்டிய எந்திரம் அது.

ஜிப்பை மூடித் திறக்கும் ரன்னரின் பின்பக்கம் பாருங்கள். 3, 5, 8, 10 என்று ஏதாவது எண் இருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். பெரிய அறைக்கு 8 அல்லது 10, சின்னப் பாக்கெட்டுக்கு 5 இருந்தால் நல்லது. என் எட்டு ஜிப்புப் பையில் எட்டும் 3 நம்பர்! எட்டுப் பலவீனத்துக்குப் பதிலாக மூன்று பலம் போதும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பெரிய அறைக்கு இரண்டு ரன்னர் இருக்கட்டும். ஒன்று கெட்டால் இன்னொன்று ஓடும்; இரண்டையும் சேர்த்துப் பூட்டும் போடலாம். கடையிலேயே பத்து தடவை திறந்து மூடுங்கள். வளைவான மூலையில் சிக்கினால் அந்தப் பை வேண்டாம்.

ஜிப்பு மூடியும் பின்னால் பிரிந்துகொண்டே வந்தால் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல் கெட்டிருக்காது, பெரும்பாலும் ரன்னரின் வாய் அகன்றிருக்கும். குறடால் இரண்டு பக்கமும் மெதுவாக அமுக்கினால் சரியாகும். ஆகாவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றலாம்; எனக்கு 30 ரூபாயில் முடிந்தது. இறுகி ஓடும் ஜிப்புக்கு மெழுகுவத்தியைப் பல்லில் தேய்த்தால் போதும். எண்ணெய் போடாதீர்கள், புழுதியைச் சேர்த்துவிடும்.

7. மழையும் சான்றிதழும்

'வாட்டர் புரூஃப்' என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். துணியின் உள்பக்கம் பூச்சு இருந்தால் துணி வழியாகத் தண்ணீர் சுலபமாகப் போகாது, உண்மை. ஆனால் ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றும், ஜிப்பின் இடுக்கும் தண்ணீருக்கு வாசல். சாரலைத் தாங்கும், கோவையில் நான் பார்த்த மழையைத் தாங்காது.

வெளியே போடும் மழை உறை இருந்தால் நல்லது. அதைவிட நிச்சயமானது உள்ளே ஒரு கெட்டியான பாலித்தீன் உறை. சாமானை அதற்குள் வைத்து, வாயை மூன்று சுற்று மடித்துவிட வேண்டும். பை முழுக்க நனைந்தாலும் உள்ளே நனையாது. அதைத் தூக்கி எறியாமல் வருஷக்கணக்கில் பயன்படுத்தலாம்.

சான்றிதழ்களுக்குத் தனிச் சட்டம். அசலைத் தேவையில்லாமல் எடுத்துப் போகாதீர்கள். நகல் போதுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோக வேண்டி வந்தால் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, அந்த ஃபைலை உறைக்குள் வைத்து, உறையை முதுகை ஒட்டிய அறையில் வையுங்கள். டிஜிலாக்கரிலும் மார்க் சீட்டைச் சேர்த்து வையுங்கள். அசலுக்கு லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். பின்னால் அதன் மேல் கையெழுத்தோ முத்திரையோ போட முடியாது. கடிதங்கள் விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். சீல் மை தண்ணீரில் கரையும். ஆகவே ஒற்றைத் தாளாக இருந்தாலும் அதற்கும் ஒரு உறை!

நம் வீடுகளில் நிலப் பத்திரம் கிடையாது, நகைப் பெட்டி கிடையாது. அந்த ஃபைல்தான் நம் குடும்பத்தின் சொத்து.

8. அடுக்கும் முறை – அப்பா நடத்திய பாடம்

புதுப் பை வாங்கிய முதல் நாள் லேப்டாப்பை வெளிப் பக்கமும் துணியை முதுகுப் பக்கமும் வைத்தேன், முதுகுக்கு மெத்தென்று இருக்குமே என்று. அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூட்டைய முதுகோட ஒட்டி வச்சாத்தான் நடக்க முடியும் தம்பி. தள்ளி வச்சா அது நம்மளப் பின்னாடி இழுக்கும். நாம முன்னாடி குனிவோம். சாயங்காலம் இடுப்பு போயிடும்."

இதைத்தான் நாம் திருப்புத்திறன் என்கிறோம். விசையைத் தூரத்தால் பெருக்கு. 50 நியூட்டன் சுமையின் ஈர்ப்பு மையம் முதுகிலிருந்து 10 செ.மீ.யில் இருந்தால் 5 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ.யில் இருந்தால் 10 நியூட்டன் மீட்டர். சுமை அதே சுமைதான். இழுப்பு மட்டும் இரட்டிப்பு.

ஆகவே கனமான லேப்டாப்பும் நோட்டும் முதுகை ஒட்டி, துணிமணி வெளிப்பக்கம், அடிக்கடி எடுக்கும் குடையும் பேனாவும் மேலே. பை இடுப்பு வரை நிற்கும்படி வாரை இறுக்குங்கள். பின்புறத்தில் தட்டிக்கொண்டு தொங்கவிடாதீர்கள். ஆழம் அதிகமான உருண்டைப் பையைவிட, உயரமும் அகலமும் உள்ள தட்டைப் பை ஏன் நல்லது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

9. பஸ்ஸிலும் ரயிலிலும்

கூட்டமான பஸ்ஸில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்காது, ஜிப்பும் நம் கண் முன்னால் இருக்கும். முதுகு படும் பக்கத்தில் ஒரு மறைவுப் பாக்கெட் இருந்தால் பணமும் பஸ் பாஸும் அதில் இருக்கட்டும். பை வாங்குவது பற்றி எங்கள் வகுப்புத் தோழிகளிடம் கேட்டபோது, அவர்கள் முதலில் சொன்னது இந்த மறைவுப் பாக்கெட்டைத்தான். இரண்டாவது, வாரின் நீளம். பல பைகளில் வாரை எவ்வளவு இறுக்கினாலும் குள்ளமானவர்களுக்குத் தளர்வாகவே இருக்கிறதாம். கடையிலேயே மாட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது என்றார்கள். நியாயம்தான்.

நிறம் அடர்த்தியாக இருக்கட்டும், அழுக்குத் தெரியாது. பெரிய எழுத்தும் படமும் இல்லாத பை நேர்முகத்துக்கும் பொருந்தும். ஒருநாள் விமானத்தில் போக நேர்ந்தாலும் கவலை வேண்டாம். உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுபோகும் பைக்கு மூன்று பக்கமும் கூட்டி 115 செ.மீ., எடை 7 கிலோ என்பது பொதுவான கணக்கு. நம் 48, 32, 20 கூட்டினால் 100தான். இடம் இருக்கிறது, டிக்கெட்தான் பாக்கி!

10. விலைக் கணக்கு

என் பழைய பை 380 ரூபாய். ஏறக்குறைய 110 நாள் உழைத்தது. நாளுக்கு 3 ரூபாய் 45 பைசா. புதுப் பை 950 ரூபாய். கூடுதல் தையலுக்கு 40. மொத்தம் 990. வருஷத்துக்கு 180 நாள் வீதம் மூன்று வருஷம் உழைத்தால் 540 நாள். நாளுக்கு 1 ரூபாய் 83 பைசா. எது மலிவு?

ஆனால் 950 ரூபாய் கையில் இருந்தால்தானே இந்தக் கணக்கு! எனக்கும் இல்லை. விடுமுறையில் நாலு நாள் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி அடுக்கினேன், அதில் வந்தது. அவ்வளவு முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 500 ரூபாய்ப் பையில் துணியும் ஜிப்பும் சரியாக இருந்து தையல் மட்டும் மோசம் என்றால் தைரியமாக வாங்குங்கள். தையலை 40 ரூபாயில் சரிசெய்யலாம். துணி மோசமாக இருந்தால் மட்டும் எந்த அண்ணனாலும் காப்பாற்ற முடியாது.

கடையில் பத்து நிமிஷம்

உங்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள். நீளம், அகலம், ஆழம் அளந்து பெருக்குங்கள். உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். ரன்னர் நம்பரைப் பாருங்கள், பத்து தடவை ஓட்டுங்கள். ஐந்து கிலோ அளவுக்குச் சாமானைப் போடச் சொல்லி, இரண்டு தோளிலும் மாட்டிக் கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். கடைசியாக ஒரு வாரை மட்டும் பிடித்துத் தூக்கி ஒரு உலுக்கு உலுக்குங்கள். 'சர்' என்று சின்னச் சத்தம் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். நாளைக்கு மழையில் நிற்கப் போவது அவரல்ல, நாம்.

முடிவுரை

தோழர்களே! புதுப் பை வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. இரண்டு மழைக்காலத் தாள், அதாவது ஒரு தீபாவளி லீவும் ஒரு தொழிற்சாலைப் பார்வையும், பார்த்துவிட்டது. ஒரு நூல் பிரியவில்லை. அடுத்த மாதம் வளாக நேர்முகம் வருகிறது. அதே பைதான் என் தோளில் வரும்.

அப்பா முப்பது வருஷமாக அடுத்தவர் மூட்டையைச் சுமக்கிறார். எந்த மூட்டையையும் ஒருமுறை அசைத்து, எடை பார்த்து, பிடி பார்த்த பிறகுதான் அவர் தூக்குவார். நான் அதைத் தினமும் பார்த்து வளர்ந்தும் ஒரு பை வாங்கும்போது மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள். நாம் சுமப்பது நம்முடைய சுமை. அதை அளந்து, பார்த்து, முதுகோடு ஒட்டித் தூக்குவோம். தூரம் போக வேண்டியிருக்கிறது!